பேட்டரிக்குத் திரும்பாத சக்தி

2023 மாடலாக அமெரிக்காவில் வந்த ஐந்தாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் சாதா ஹைபிரிட் வகைகள் எல்லாவற்றிலும் ஒரே 2 லிட்டர் எஞ்சின்தான். ஆனால் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மைலேஜ் பட்டியலைப் பிரித்தால் ஒரு வேற்றுமை கண்ணில் படும். முன்சக்கர இயக்கமுள்ள எல்.இ. வகைக்கு கேலனுக்கு 57 மைல். அதைவிட விலை கூடிய எக்ஸ்.எல்.இ., லிமிடெட் வகைகளுக்கு 52 மைல். நம் கணக்கில் சொன்னால், முதலாவது லிட்டருக்கு 24 கிலோமீட்டர் சொச்சம் ஓடும். மற்றவை 22 கிலோமீட்டரை ஒட்டி ஓடும். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய 60 லிட்டர் பெட்ரோல் வித்தியாசம்.

அந்த ஐந்து மைல் எங்கே போனது? விலை கூடிய வகைகளில் கூடுதல் வசதிகளால் சற்று எடை ஏறுகிறது, உண்மைதான். ஆனால் பெரிய மாற்றம் சக்கரத்தில் இருக்கிறது. எல்.இ.யில் 17 அங்குல ரிம், 195/60 டயர். மற்ற இரண்டிலும் 19 அங்குல ரிம், 195/50 டயர். ஷோரூமில் பார்க்க 19 அங்குலம் அழகுதான். அந்த அழகுக்கு விலை ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

எந்தக் காரில் சக்கரத்தை மாற்றினாலும் மைலேஜ் மாறும். ஹைபிரிட்டில் அது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு.

சாதாரண கார் பிரேக் போடும்போது தன் வேகத்தையெல்லாம் பிரேக் பேடில் சூடாக்கித் தொலைக்கிறது. ஹைபிரிட்டில் மோட்டாரே டைனமோவாக மாறி, அந்த வேகத்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் அடைபடாமல் நிற்பவற்றில் பெரியவை இரண்டு. ஒன்று, காற்றைத் தள்ளிக்கொண்டு போகச் செலவாகும் சக்தி. மற்றது, டயர் உருளச் செலவாகும் சக்தி. மற்ற வீணடிப்பெல்லாம் குறையக் குறைய, மொத்தச் செலவில் இந்த இரண்டின் பங்கு பெரிதாகிறது.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி டயரின் பக்கச்சுவரில் கை வைத்துப் பார்த்தால் கதகதவென்றிருக்கும். தரையில் படும் இடத்தில் டயர் அமுங்கி, அடுத்த நொடிக்குள் நிமிர்ந்து, மறுபடி அமுங்குகிறது. கிலோமீட்டருக்கு ஐந்நூறு தடவை. அமுக்கச் செலவான சக்தி நிமிரும்போது முழுவதும் திரும்புவதில்லை. ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. கையில் படும் அந்தக் கதகதப்பு, டேங்கில் ஊற்றிய பெட்ரோல்தான். எவ்வளவு கெட்டிக்கார மோட்டாராலும் அதைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ரிம் எடையைப் பற்றியே கவலைப்படும் ஹைபிரிட்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கனமான ரிம்மைச் சுழற்ற வாங்கிய சக்தி கடன் கொடுத்த பணம் மாதிரி. பிரேக் போடும்போது முழுசாக இல்லாவிட்டாலும் ஒரு பங்காவது திரும்பி வரும். டயர் வாங்கிய சக்தி செலவழிந்த பணம். ஆகவே லேசான அலாய் வீலுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, அதில் கிடைத்த டயரை மாட்டுவது தலைகீழ் வேலை. முதலில் டயரைப் பார்க்க வேண்டும்.

டயர் உருளும்போது எழும் இந்தத் தடை பத்து சதவீதம் குறைந்தால் எரிபொருள் சிக்கனம் ஒன்று முதல் இரண்டு சதவீதம் கூடும் என்று அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2006-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. தடை குறைந்த டயர் என்றால் வழுக்கும் என்ற பயம் பழையது, முன்பு அதில் நியாயமும் இருந்தது. 1992-இல் மிஷெலின் நிறுவனம் ரப்பரில் கரித்தூளின் இடத்தில் சிலிக்காவைப் பெருமளவு கலந்து கொண்டுவந்த டயர்கள் அந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தன. ஈரத்தில் பிடிப்பும் இருக்கும், உருளும்போது சூடும் குறையும். ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் விற்பனைக்கு வரும் டயர்களில் சிக்கனம், ஈரத்தில் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் மதிப்பெண் போட்ட சீட்டு ஒட்டப்படுகிறது. சீட்டில் முதல் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிக்கனத்தில் முதல் வகுப்பு வாங்கி ஈரத்தில் கடைசி பெஞ்சில் இருக்கும் டயரை, மழை பெய்யும் ஊரில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் காருக்குப் போடக் கூடாது. லிட்டருக்கு அரைக் கிலோமீட்டருக்காகப் பிரேக் தூரத்தை விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

இனி ரிம்முக்கு வரலாம். இதற்கு மூன்றாம் தலைமுறை பிரியஸ் நல்ல பாடம். 2009-இல் வெளியான அந்தக் கார் இரண்டு விதச் சக்கரங்களோடு வந்தது: 195/65 ஆர் 15, 215/45 ஆர் 17. மைலேஜ் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே எண், கேலனுக்கு 50 மைல். வேறுபாட்டை உரிமையாளர்கள் தாங்களே பெட்ரோல் பங்க்கில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 15 அங்குல வகையில் இன்னொரு விஷயமும் இருந்தது. உள்ளே அலாய் வீல். அதன்மேல் பிளாஸ்டிக் வீல் கேப். நல்ல அலாயை ஏன் பிளாஸ்டிக்கால் மூடினார்கள் என்று கழற்றி வீசியவர்கள் உண்டு. சுழலும் சக்கரம் பக்கவாட்டில் காற்றைக் கலக்கி இழுவையைக் கூட்டும். முகம் தட்டையாக இருந்தால் கலக்கம் குறையும். அதற்குத்தான் அந்த மூடி. கழற்றினால் ரிம் அழகாகத் தெரியும், காற்றும் கூடுதலாகக் கலங்கும்.

பக்கச்சுவரில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் டயர் கடையில் பாதி வேலை முடிந்தது. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதை வைத்துக் கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் 634 மில்லிமீட்டர் சொச்சம். 215/45 ஆர் 17-க்குப் போட்டால் 625. ஒன்றரை சதவீதம்தான் வித்தியாசம். ரிம் பெரிதானால் பக்கச்சுவர் மெலிய வேண்டும், மொத்த உயரம் மாறக் கூடாது என்பதே விதி. பக்கச்சுவர் மெலிந்தால் வளைவில் கார் சொன்னபடி கேட்கும். பள்ளத்தில் இறங்கும்போது தாங்குவதற்கு ரப்பர் இருக்காது. அடி நேராக ரிம்மில் விழும். மழைக்குப் பிந்தைய நம் சாலைகளில் கோணிய ரிம்மைத் தட்டி நிமிர்த்தித் தரும் கடைகளுக்கு வேலை வருவது இப்படித்தான்.

விட்டம் மாறினால் ஓடோமீட்டரும் பொய் சொல்லும். இரண்டாம் தலைமுறை பிரியஸின் டயர் 185/65 ஆர் 15. அதே ரிம்மில் 195/65 போட்டால் விட்டம் இரண்டு சதவீதம் கூடும். சக்கரம் குறைவாகச் சுற்றும், மீட்டர் குறைந்த தூரத்தைக் காட்டும், திரையில் மைலேஜ் விழுந்ததாகத் தெரியும். அளவை மாற்றாமல் புது டயர் போட்டாலே இதே மயக்கம் வரும். புது டயரின் பட்டன் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம். தேய்ந்து தேய்ந்து 1.6-க்கு வந்தபோது கழற்றியிருந்தால், விட்டத்தில் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் வித்தியாசம். அதுவும் இரண்டு சதவீதம்தான். இதுபோக, தடித்த புது ரப்பர் தேய்ந்த ரப்பரைவிடக் கூடுதலாகச் சூடாகும். டயர் மாற்றியதும் மைலேஜ் போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது நியாயம்.

ரிம் பொருந்துமா என்பதில் கண்ணளவுக்கு இடமே இல்லை. இரண்டாம் தலைமுறை முதல் நான்காம் தலைமுறை வரை பிரியஸின் ஐந்து துளைகளும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் இருந்தன. ஐந்தாம் தலைமுறையில் அது 114.3. கடைக்காரர்கள் பி.சி.டி. என்று சொல்வது இந்த வட்டத்தைத்தான். பழைய பிரியஸின் ரிம்மைப் புதியதில் மாட்டவே முடியாது. பி.சி.டி. சரியாக இருந்தாலும், ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவான ஆஃப்செட் மாறினால் டயர் ஃபெண்டரில் உரசும், அல்லது உள்பக்கம் சஸ்பென்ஷனில் இடிக்கும். நடுத்துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். டொயோட்டாவின் சில அலாய்களுக்கு அடி தட்டையான நட்டு. வெளிக் கம்பெனி அலாய்களுக்குப் பெரும்பாலும் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் முறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும், ஓட ஓடத் தளரும். இது உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

எடை தாங்கும் எண்ணையும் விட்டுவிடக் கூடாது. அளவைத் தொடர்ந்து வரும் 91 என்றால் அந்த ஒரு டயர் 615 கிலோ தாங்கும்; 88 என்றால் 560 கிலோ. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் சொன்னதற்குக் கீழே இறங்கவே கூடாது. காற்றழுத்தமும் அதே சீட்டில்தான் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸின் 15 அங்குலத்துக்கு முன்னே 35 பி.எஸ்.ஐ., பின்னே 33. டயரின் பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், காருக்கான பரிந்துரை அல்ல. நான்கு டயரிலும் சராசரியாக ஒரு புள்ளி, அதாவது ஒரு பி.எஸ்.ஐ., குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. ஏழெட்டுப் புள்ளி இறங்கிக் கிடக்கும் டயரோடு விலை உயர்ந்த சிக்கன டயரைத் தேடுபவர்கள் முதலில் காற்றடித்துக்கொள்ளலாம்.

ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்து இறக்கிய பிரியஸும் டொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட்டான அக்வாவும் இலங்கையின் தெருக்களில் ஏராளம். அப்படி வந்த கார்களில் டயரின் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடுவது ஆபத்து. பக்கச்சுவரின் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். தேயாமலே கிழடான ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

ஹைபிரிட்டுக்கு வேறு சக்கரம் மாட்டுவதில் முழுக்க நியாயமான காரணம் எது என்றால், பனி. டொரோண்டோவில் வாழும் தமிழர்களுக்கு இது வருடம்தோறும் வரும் வேலை. குளிர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. மூன்று சிகரமும் பனிப்பூவும் பொறித்த பனிக்கால டயர் அப்போதும் இளகியிருக்கும். அண்டை மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் பனிக்கால டயருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று விதி.

விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முறையும் டயரை மட்டும் கழற்றி மாட்டுவதில்லை. தனியாக நான்கு ரிம் வாங்கி அதிலேயே பனி டயரை நிரந்தரமாக மாட்டி வைக்கிறார்கள். 17 அங்குலத்தோடு வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸுக்குக் குளிர்காலத்தில் 15 அங்குல ரிம் போடலாம். அடிப்படை வகையிலேயே 15 வந்ததால் பிரேக்கில் இடிக்காது. டயர் விலையும் குறைவு, தடித்த பக்கச்சுவர் பனிக்கடியில் ஒளிந்திருக்கும் குழியையும் தாங்கும். டயர் அழுத்த சென்சார் உள்ள காருக்குப் புது ரிம்மிலும் சென்சார் வைக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்காலம் முழுக்க எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பனி டயரில் மைலேஜ் குறையும், கேபினைச் சூடாக்க எஞ்சின் அடிக்கடி ஓடுவதாலும் குறையும். அந்த நான்கு மாதமும் மைலேஜைப் பார்க்கவே வேண்டாம். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் முக்கியம்.

கழற்றிய கோடைச் சக்கரங்களைக் கழுவித் துடைத்து, உள்பக்கம் சாக்பீஸால் ‘மு.இ.’, ‘மு.வ.’, ‘பி.இ.’, ‘பி.வ.’ என்று எழுதி, வெயில் படாத நிலவறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறார்கள். ஏப்ரலில் இறக்கும்போது முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றிப் போட்டு, காற்றைச் சரிபார்த்து, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை இன்னொரு தடவை டார்க் ஸ்பானரால் இறுக்கிப் பார்க்கிறார்கள்.