திராவிடியன்ஸும் முதல் பத்து நிமிஷமும்: ஒரு பேலன்ஸ் குறிப்பு

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் 2022 ஏப்ரல் 28 அன்று 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தது. அதுவரை 'இந்தியன்ஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததைப் பிரித்து, பழையதற்கு 'ஹிந்துஸ்தானிஸ்' என்று பேர் மாற்றி, கூடவே பெங்காலிஸ், குர்ஜராஸ், திராவிடியன்ஸ் என்று மூன்றைச் சேர்த்தார்கள். ராஜேந்திர சோழன் பேரில் ஒரு கேம்பெயின், உருமி வீசும் வீரன், 'வூட்ஸ் ஸ்டீல்' என்று ஒரு தொழில்நுட்பம். ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் பழைய இரும்பு கிடைத்த தாமிரபரணிக் கரைக்காரனுக்கு இதெல்லாம் பார்க்கவே சந்தோஷம்தான். ஆனால் ஒண்ணுக்கு ஒண்ணு ஆடும்போது, அதுவும் தண்ணியில்லாத திறந்த மேப்பில், "நம்ம ஆளு ஏம்ல தோக்கான்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதுக்கான பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். எண்கள் எல்லாம் 2022 வெளியீட்டுக் கணக்கு.

முதலில் ரஷ் என்றால் என்ன? எதிராளி ஊரைக் கட்டி முடிக்கும் முன்னாலேயே போய் அடிப்பது. டார்க் ஏஜிலேயே மூணு மிலிஷியாவை அனுப்புவதை 'ட்ரஷ்' என்பார்கள். ஒரு மிலிஷியா 60 உணவு, 20 தங்கம். மூணுக்கு 180 உணவு, அதாவது மூணரை வில்லேஜர் விலை. ஃபியூடல் ஏஜுக்குப் போகத் தேவையான 500 உணவில் இருந்துதான் இது போகிறது. அப்போ லாபம் எங்கே? மூணு பேரும் யாரையும் கொல்ல வேண்டியதே இல்லை. எதிராளியின் ஆறு மரவெட்டிகள் அரை நிமிஷம் வேலையை விட்டு ஓடினாலே, ஒரு ஆளின் மூணு நிமிஷ உழைப்பு போச்சு. அவன் பதறிப்போய் டவுன் சென்டரில் வில்லேஜர் போட மறந்தால் இன்னும் நஷ்டம்.

ஒரு ரஷ் வலுவாக இருப்பதால் மட்டும் அது பேலன்ஸ் கோளாறு ஆகிவிடாது. வருகிறது என்று தெரிந்த பிறகும் தடுக்க முடியவில்லை, அல்லது தாக்குவதைவிடத் தடுக்க அதிகம் செலவாகிறது என்றால்தான் கோளாறு. ட்ரஷ்ஷுக்கு மரவேலி, வில்லேஜர்களை நகர்த்துவது, எதிராக இரண்டு ஆள் என்று பதில்கள் இருக்கின்றன. அதனால்தான் இத்தனை வருஷமாக அது ஆட்டத்தில் நிற்கிறது.

இப்போ திராவிடியன்ஸுக்கு வருவோம். ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் இலவசம். ஃபியூடல் ஏறினதும் ஒரு வில்பயிற்சிக்கூடம் (175), ஒரு வீடு (25) சரியாகக் கட்டி முடிக்கலாம். தண்ணி மேப் என்றால் 150 மரத்தில் இன்னொரு துறை போட்டு, மீதி 50-ஐக் கப்பலுக்கு வைக்கலாம். பேரக்ஸ் ஆராய்ச்சிகள் எல்லாம் பாதி விலை. ஸ்கர்மிஷர் 25% வேகமாக எறிவான். அவனுக்குத் தங்கமே தேவையில்லை. ஆக முதல் பத்து நிமிஷத்தில் நம்ம ஆளு சோடை இல்லை. கொற்கைத் துறைமுகத்தின் வாரிசு மாதிரி, தண்ணியில் நல்லாவே ஆடுகிறான்.

சிக்கல் கேஸில் ஏஜில் தொடங்குகிறது. நைட் கிடையாது, ஒட்டகம் கிடையாது. எதிராளி நாலு நைட்டை விட்டு உங்கள் தங்கச் சுரங்கத்தில் அடித்தால், ஈட்டிக்காரன் போய்ச் சேர்வதற்குள் அவன் மறுபக்கம் மரவெட்டிகளிடம் இருப்பான். ஈட்டிக்காரன் வேகம் 1. நைட் வேகம் 1.35. சண்டை நடந்தால் ஈட்டி ஜெயிக்கும், ஆனா சண்டையே நடக்காது. எதிரியின் கவசத்தையே கணக்கில் எடுக்காமல் அடிக்கும் வூட்ஸ் ஸ்டீல் வருவதோ இம்பீரியல் ஏஜில். அதுவரை தாக்குப்பிடிக்கணுமே.

ஆக, குறை பலத்தில் இல்லை, வேகத்தில். இதைப் புரிந்துகொள்ளாமல் "உருமிக்காரனுக்கு இன்னும் உயிர் கூட்டு" என்று கேட்பது வீண். பிடிக்க முடியாத எதிரியிடம் எவ்வளவு பலம் இருந்து என்ன? இதே தொகுப்பில் வந்த குர்ஜராஸ் இதற்கு நேர் எதிர் உதாரணம். வேகமான குதிரைகளோடு வந்து எல்லாரையும் கதறவிட்டதால், அடுத்தடுத்த பேட்சுகளில் அதன் பலத்தைக் குறைக்க வேண்டி வந்தது.

அதற்காக திராவிடியன்ஸுக்கு நைட்டைக் கொடுத்துவிடலாமா? கூடாது என்பது என் கட்சி. கொடுத்தால் அது இன்னொரு ஐரோப்பியப் படையாகிவிடும். எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்குவது சுலபமான பேலன்ஸ். வேறு வேறாக வைத்துச் சமமாக்குவதுதான் சரியான பேலன்ஸ்.

நம்ம பக்கத்து வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கு. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பினார்கள். கம்பெனி இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளிலேயே மண்ணால் எழுப்பினார்கள். மார்ச் 31 தாக்குதலை அந்த மண்சுவர் தாங்கியது. ஆனால் கம்பெனியின் பணமும் படையும் வரும் வழி அறுபடவில்லை. கூடுதல் படை வந்தது, மே 24-ல் கோட்டை விழுந்தது. முதல் அடி நேரத்தைத்தான் வாங்கித் தரும். எதிராளியின் வரவை நிறுத்தாவிட்டால் அந்த நேரம் தீர்ந்துவிடும்.

திராவிடியன்ஸ் ஆடுகிற தம்பிமாருக்கு இதிலிருந்து மூணு விஷயம். ஒன்று, 200 மரத்தை வயலில் போட்டு முடக்காமல் உடனே படைக்கூடமாக்குங்க. இரண்டு, ஃபியூடலிலேயே எதிராளியின் தங்கத்தை மறிச்சு நில்லுங்க. நைட் ஒண்ணுக்கு 75 தங்கம் வேணும், அது கிடைக்காவிட்டால் குதிரை வராது. மூணு, கேஸில் ஏறும்போது சொந்த ஊரை வேலி போட்டு மூடிவிட்டு, மலிவாகக் கிடைக்கும் மேங்கனலோடு முன்னால் போங்க. நம்ம சீஜ் எந்திரங்களுக்கு மரச்செலவு 33% கம்மி. 160 மரம் கேட்கும் மேங்கனல் நமக்கு 107-க்கு முடியும். குதிரையைத் துரத்திப் பிடிக்க முடியாது. குதிரை லாயத்தை இடிக்க முடியும்.