பையனுக்கு என்ன குறை?

"ஒரு குறையும் வைக்கவில்லை, ஐயா! கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அப்படியும் மோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே!"

உசிலம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் வீட்டிலும் சரி, மதுரை மாசி வீதிக் கடைக்காரர் வீட்டிலும் சரி, இந்தப் புலம்பலைக் கேட்காதவர் யார்? நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் புத்தகத்தைத் தொடுவதில்லை. இரவில் தூக்கமில்லை, பகலெல்லாம் படுக்கை. கூட்டாளிகள் தேடி வந்தால் 'நான் இல்லை என்று சொல்லுங்கள்' என்கிறான். அப்பா 'சோம்பேறித்தனம்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அப்பத்தா, மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறாள். பெண் பிள்ளையாக இருந்துவிட்டாலோ, 'வெளியே தெரிந்தால் இவளை யார் கட்டுவார்கள்?' என்று அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறாள். இப்படியே ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

காய்ச்சல் என்றால் மறுநாளே ஊசி போட ஓடுகிற நாம், இதற்கு மட்டும் ஏன் ஆறு மாதம் காத்திருக்கிறோம்? மனநோய்களில் பாதி, பதினான்கு வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஆரம்பத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய சமாசாரம் இது.

எங்கே போவது?

மதுரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பழைய ஆட்கள் இன்னும் 'எர்ஸ்கின்' என்று சொல்கிற ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் வெளிநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டால் போதும், மருந்துக்கும் காசில்லை. டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இதே ஊரில் இந்தப் பணியைச் செய்து வருகிறது.

பஸ் ஏற வெட்கப்படுகிறவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. 2022-ல் வந்த 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. முதலில் ஓர் ஆலோசகர் கேட்பார். தேவைப்பட்டால் டாக்டரிடம் சேர்ப்பிப்பார். சென்னையில் 1986 முதல் நடக்கிற 'சினேகா' அமைப்பில் தொண்டர்கள்தான் பேசுகிறார்கள். அவர்கள் புத்தி சொல்வதில்லை. காது கொடுத்துக் கேட்கிறார்கள். நம் வீடுகளில் கிடைக்காத சரக்கு அதுதானே!

"கோயிலுக்குப் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் 2001 ஆகஸ்டு 6-ம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை மறக்க வேண்டாம். பிற்பாடு அதே ஏர்வாடியில் துவாவோடு மருந்தும் கொடுக்க ஏற்பாடாயிற்று. திருநீறும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று விரோதிகளல்ல.

மாத்திரையைப் பற்றி ஒரு விஷயம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்ய இரண்டு, மூன்று வாரமாவது பிடிக்கும். பத்தாம் நாளே 'கேட்கவில்லை' என்று விட்டுவிடுகிறவர்கள் அநேகம். கொஞ்சம் தெளிந்ததும் தாமாகவே நிறுத்திவிட்டு, மறுபடி படுக்கையில் விழுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

கேட்டால் கெட்டுவிடுமா?

"சாகலாம் என்று தோன்றுகிறதா தம்பி?" என்று கேட்கப் பெற்றோர் பயப்படுகிறார்கள். இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமோ என்று கவலை. அப்படி ஆவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. கேட்டால் பாரம் குறைகிறது. 'ஆமாம்' என்று பதில் வந்தால் திட்டாதீர்கள், அழாதீர்கள், தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே அகற்றிவிடுங்கள். போலீஸ் கேஸாகுமே என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். 2018-ல் அமலுக்கு வந்த மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

பரீட்சை முடிவு வரும் மே மாதம்தான் எல்லாவற்றிலும் மோசம். தவறியவர்களுக்கு அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது, வருஷம் வீணாவதில்லை. இதை முடிவு வந்த பிறகு அல்ல, முன்பே பிள்ளையிடம் சொல்லி வைப்பது நல்லது.

டாக்டரிடம் கிளம்பும்போது பையன் அநேகமாக மறுப்பான். "எனக்கென்ன பைத்தியமா?" என்பான். "தூக்கம் வரவில்லை என்றாயே, அதைக் காட்டிவிட்டு வருவோம் வா" என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் பொய்யில்லையே!