வீட்டைப் பறித்த சட்டம்

தென்னாப்பிரிக்காவில் 1948-ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இயற்றிய நிறபேதச் சட்டங்கள் பல. அவற்றுள் நம்மவரை வீடு வாசலோடு பெயர்த்தெறிந்தது, 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம்.

அதற்குத் துணையாக அதே ஆண்டில் பிறந்தது மக்கட் பதிவுச் சட்டம். ஒவ்வொருவரும் வெள்ளையரா, ஆப்பிரிக்கரா, கலப்பினத்தவரா என்று அது ஏட்டில் எழுதி வைத்தது. இந்தியரைப் பின்னர் தனிப் பிரிவாக்கினர். வெள்ளையர் எனப்படுவோர் யார்? பார்வைக்கு வெள்ளையராகத் தெரிபவர், அல்லது ஊரார் அவ்வாறு ஏற்றுக்கொண்டவர். சட்டம் வகுத்த இலக்கணம் ஏறக்குறைய இவ்வளவே! ஐயம் எழுந்தபோது தலைமயிரில் பென்சிலைச் செருகி, அது நழுவி விழுகிறதா என்று பார்த்ததும் உண்டு. ஒருவருடைய குலத்தைப் பென்சில் தீர்மானித்த விந்தையை என்னென்பது!

இனம் பதிவானபின் இடத்தைப் பிரிப்பது எளிதாயிற்று. நகர வரைபடத்தில் கோடு கிழித்து, இன்ன பகுதி இன்ன இனத்தாருக்கு என்று அரசு அறிவிக்கும். மற்றவர் சொந்த வீடேயானாலும் காலி செய்தாக வேண்டும்.

டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியில் நேர்ந்தது இதுவே. 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறியவருள் தமிழர் ஏராளம். ஒப்பந்தம் தீர்ந்தபின் பலர் கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்தனர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நிலமும் வாங்கினர். 1958-இல் அப்பகுதி வெள்ளையருக்கென அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த ஆப்பிரிக்கர் குவாமாஷு முதலிய இடங்களுக்கும், இந்தியர் பெரும்பாலும் சாட்ஸ்வர்த்துக்கும் அகற்றப்பட்டனர். வாடகை வீடு மாறுவதே எத்தனை பாடு என்பது நம் அன்பர்களுக்குத் தெரியாததன்று. அவர்கள் இழந்ததோ சொந்த மண். அதனுடன் அண்டை அயலாரையும், உழைத்துச் செப்பனிட்ட தோட்டத்தையும்.

உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுந்த கோயில் பின்னர் வெள்ளத்தில் அழிந்தது. அதன் கதவுகளை மீட்டுவந்து, கேட்டோ மேனரில் 1947-இல் கட்டிய அம்பலவாணர் ஆலயத்தில் பொருத்தியிருந்தனர். கோயில் நின்றது, அதைச் சூழ்ந்திருந்த குடிகள் போயினர். வெள்ளையராவது வந்து குடியேறினரா என்றால், அதுவும் பெரும்பாலும் இல்லை. நிலத்தின் பெரும்பகுதி பல்லாண்டுகள் வெறுமையாகவே கிடந்தது.

இவ்விரு சட்டங்களும் 1991-இல் நீக்கப்பட்டன. பறிபோன நிலத்துக்கு உரிமை கோர 1994-இல் தனிச் சட்டம் வந்தது. பழைய பத்திரங்களைத் தேடியெடுத்துக்கொண்டு மனுச் செய்தவருள் பலர், நிலத்துக்கு மாற்றாகப் பணத்தையே பெற்றுக்கொண்டனர்.