கடல் வருவாயும் இல்லற ஒழுங்கும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை நோக்கி நீண்டு நிற்கும் மணற்குன்றையடுத்து அமைந்தது மணப்பாடு. குன்றின்மேல் 1581-ஆம் வருஷத்தில் எழுப்பப்பெற்ற திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. கீழே மணலில் வள்ளங்கள் வரிசையாக ஏற்றப்பட்டிருக்கின்றன. இவ்வூராரில் பெரும்பாலோருக்குக் கடலே வயல். ஆனால் அவ்வயலின் இயல்பு வேறு. விவசாயி விதைத்த நாளிலிருந்தே அறுப்பு நாளை ஏறக்குறையக் கணக்கிட்டு விடலாம். கடல் தொழிலாளிக்கோ இன்று வலை நிறையும். நாளை எண்ணெய்ச் செலவுக்கும் கட்டாது. கச்சான் காற்று பலத்தால் வள்ளம் நாட்கணக்கில் கரையிலேயே கிடக்கும். வருவாய் நிலையற்றதாக இருக்கும் குடும்பத்தில் செலவும் பழக்கமும் நிலையுள்ளவையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நல்ல நாளின் இலாபம் அன்றிரவே கரைந்து, கெட்ட நாளின் கடன் மட்டும் மிஞ்சும்.

இவ்வுண்மைக்கு முத்துச் சலாபத்தின் சரித்திரமே சான்று. இக்கரையின் முத்து உலகெங்கும் பெயர் பெற்றது. எனினும் சலாபம் ஆண்டுதோறும் நடந்ததன்று. தூத்துக்குடியில் 1926 முதல் 1928 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றபின், 1955-ஆம் வருஷம் வரையில் சிப்பி எடுக்கப்படவில்லை. 1955-இல் தொடங்கியதும் 1961-உடன் நின்றுபோயிற்று. சலாபம் நடந்த சில வாரங்களில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்குக் கிடைத்தது. பல மாத உழைப்புக்குரிய பணம் சில நாட்களில் கைக்கு வந்தது. அதைப் பங்கிட்டு வைத்தவர் வீடு கட்டினர். வைக்காதவர் அடுத்த சலாபத்தை எதிர்பார்த்துக் கடன் வாங்கினர். அந்த அடுத்த சலாபம் இருபத்தேழு வருஷம் வரவில்லை. முத்துக்கு நேர்ந்தது சாளைக்கும் சீலாவுக்கும் சிறிய அளவில் ஒவ்வொரு மாதமும் நேர்கிறது.

கடல் தொழிலாளியின் கடன் எவ்வாறு வளர்கிறது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். வலை கிழிந்தபோதும், இயந்திரம் பழுதுபட்டபோதும், வீட்டில் நோய் வந்தபோதும் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கப்படுகிறது. முன்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டு அதனுடன் வருகிறது. வட்டி என்று தனியாக ஒன்றும் கேட்கப்படாமல் இருக்கலாம். ஆனால் அது விலைக் குறைவிலும் கழிவிலும் ஒளிந்திருக்கிறது. இவ்விதம் ஒவ்வொரு கூடையிலும் சிறிது சிறிதாக வட்டி கட்டுபவன், தான் வட்டி கட்டுவதாகவே உணர்வதில்லை.

இக்கட்டை அவிழ்க்கும் வழியை ஆராய்ந்தவர்களுள் சர் பிரடெரிக் நிக்கல்சன் முக்கியமானவர். சென்னை இராஜதானியில் கிராம நாணய வங்கிகளை ஏற்படுத்துவது பற்றி அவர் எழுதிய விசாரணை அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஜெர்மனி தேசத்தில் ரைபைசன் என்பவர் ஏழைக் குடியானவர்களுக்காக நிறுவிய சங்கங்களை அவர் முன்மாதிரியாகக் காட்டினார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அதே நிக்கல்சன் 1905 முதல் இராஜதானியின் மீன் தொழிலை ஆராய நியமிக்கப்பெற்றார். 1907-இல் மீன் இலாகா ஏற்பட்டது. கூட்டுறவும் கடல் தொழிலும் ஒருவருடைய கருத்திலேயே சந்தித்தன.

ரைபைசன் சங்கத்தின் அடிப்படையை அங்கத்தினர்கள் ஊன்றி நோக்குதல் நலம். அங்கே நிலமோ நகையோ முதல் ஈடன்று. மனிதனுடைய நடத்தையே முதல் ஈடு. ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பாளிகள். ஆகவே ஒருவன் குடித்துப் பணத்தை அழித்தால் நஷ்டம் அண்டை வீட்டானையும் சாரும். அண்டை வீட்டான் கேள்வி கேட்பதற்கு உரிமையும் அவசியமும் உண்டாயின. ஒருவன் தனியே எடுக்கும் உறுதி பல சமயம் ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும். பத்துப் பேர் கூடி எடுக்கும் உறுதியோ ஒருவரையொருவர் தாங்கி நிற்கும். கூட்டுறவு சங்கம் பணப்பெட்டி மட்டுமன்று, பழக்கத்தைக் காக்கும் வேலியுமாகும் என்பதன் பொருள் இதுவே.

அவ்வேலி கடற்கரையில் எவ்வாறு வேலை செய்யும் என்பதற்குத் திருவனந்தபுரத்தையடுத்த மரியநாடு என்னும் ஊர் நல்ல உதாரணம். அங்குள்ள மீனவர் தம் சங்கத்தின் மூலமாகத் தாமே மீனை ஏலம் விட்டனர். 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. அவ்வகைச் சங்கங்கள் தமிழ்நாட்டுக் கரையிலும் பரவின. அவற்றில் ஏலத்தொகை முழுவதும் கைக்கு வந்தபின் சேமிப்பது என்ற வழக்கமில்லை. ஏலம் முடிந்தவுடனேயே ஒரு பகுதி கடனுக்கும், ஒரு சிறு பகுதி சேமிப்புக்கும், மற்றொரு சிறு பகுதி சங்கச் செலவுக்கும் பிடிக்கப்பட்டு, மிகுந்ததே கொடுக்கப்படுகிறது. மீன்பாடு மிகுந்த நாளில் பிடிப்பு மிகும். குறைந்த நாளில் குறையும். இல்லாத நாளில் தவணை நெருக்குவதில்லை. கைக்கு வராத பணத்தைச் செலவிட எவராலும் இயலாது. இம்முறையின் நுட்பம் இவ்வளவே.

அரசாங்கத்தாரின் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டமும் இதே நெறியைச் சார்ந்தது. மீனவர் ஒன்பது மாதங்களில் 1,500 ரூபாய் செலுத்தினால், மத்திய, மாநில அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து, வருவாய் குன்றிய மூன்று மாதங்களில் மொத்தம் 4,500 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கின்றன. தவணையை ஒழுங்காகச் செலுத்துகிறவருக்கே பயன் கிட்டுகிறது.

அடுத்தபடியாகக் கவனிக்கற்பாலது குடி. இக்கரையில் இது புதிய விஷயமன்று. 1542-இல் இங்கு வந்து, மணப்பாட்டுக் குன்றின் குகையில் தங்கியதாகப் போற்றப்படும் பிரான்சிஸ் சவேரியார், 1544-இல் தம் உதவியாளர் மான்சில்யாசுக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் அருந்துவோருக்கு அபராதமும் சிறையும் விதிக்கவும் ஊர்ப் பட்டங்கட்டிமாரைப் பொறுப்பாக்கவும் கட்டளையிட்டார். பின்னர் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது; 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது; 1971-இல் தளர்த்தப்பட்டது; மீண்டும் வந்தது; மீண்டும் நீங்கியது. அபராதத்துக்கும் சட்டத்துக்கும் தக்க பயன் உண்டு. ஆயினும் அவை வெளியே நிற்கும் காவல். காவல் நீங்கிய நாளில் எவன் வீட்டில் ஒழுங்கு நிற்கிறதோ அவனே உண்மையில் விடுபட்டவன்.

குடியின் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். உதாரணமாக, நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் மாதத்தில் இருபத்தைந்து நாள் செலவிடுகிறவன் மாதம் 5,000 ரூபாயும், வருஷத்தில் 60,000 ரூபாயும் இழக்கிறான். வலை பழுதுபார்க்கவும், பிள்ளையின் கல்லூரிச் சம்பளம் கட்டவும் அவன் முன்பணத்துக்குக் கைநீட்டுகிறான் எனில், அக்கடனின் மூலகாரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மேலும் மது, கண்ணின் கணிப்பையும் கைகால்களின் விரைவையும் குறைக்கிறது. தேகத்திலுள்ள நீரை வற்றச் செய்கிறது. இரவில் குடித்து, விடியுமுன் வள்ளம் ஏறுபவன் தன் உயிரை மட்டுமின்றி உடன் செல்வோர் உயிரையும் பணயம் வைக்கிறான்.

குடியை நிறுத்த விரும்புவோர் ஒரு விஷயத்தை அறிதல் அவசியம். பல வருஷங்களாக நாள் தவறாமல் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை முதலியன தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையவர் ஆஸ்பத்திரியில் வைத்தியர் மேற்பார்வையில் நிறுத்துதலே முறை. குடி ஒரு நோயுமாதலின், நோயாளியை ஏளனம் செய்வதால் பயனில்லை. மருந்துக்கு அழைத்துச் செல்லும் ஒரு நண்பனே பெரிய உதவி.

தேக ஆரோக்கியத்துக்கு உரிய ஏனைய பழக்கங்கள் எளியவை. இரவெல்லாம் கடலில் இருந்தவன் பகலில் இடையறாது உறங்குவதற்கு வீட்டார் இடமளிக்க வேண்டும். சீட்டாட்டமும் கைப்பேசியும் அவ்வுறக்கத்தைத் திருடலாகாது. வெயிலில் உழைப்பவன் தாகம் எடுக்குமுன்பே கொதித்தாறிய தண்ணீரைச் சிறுகச் சிறுக அருந்துதல் நன்று. உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. அது சுமார் ஒரு தேக்கரண்டி அளவாகும். கருவாடும் ஊறுகாயும் ஒருங்கே அமையும் உணவில் இவ்வளவு எளிதில் மீறப்படும். இரத்த அழுத்தம் உயரும். கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவி ஆக்குவதும், உடன் காய்கீரை சேர்ப்பதும் நலம். புகையிலை மட்டுமின்றிப் பாக்கும் வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று வைத்திய சாஸ்திரம் தெளிவாகக் கண்டிருக்கிறது.

ஓய்வும் ஓர் ஒழுக்கமே. முத்துக்குளித்துறைக் கரையின் பல கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லாத வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஒருவன் தனியே ஓய்வெடுத்தால் மற்றவன் மீனைக் கொண்டுபோவான் என்ற அச்சம் அவனை விடாது. ஊரே நின்றால் அச்சமில்லை. மன உறுதி ஊர் உறுதியாக மாறும்போது எவ்வளவு இலேசாகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தொழிலில் வேண்டிய அடக்கத்துக்கு ஒரு துயர நிகழ்ச்சியும் பாடமாகும். 2017 பிப்ரவரி மாதத்தில் மணப்பாட்டுக் கடலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து, குடும்பம் குடும்பமாக வந்தவர்களிற் பலர் மாண்டனர். படகு தாங்கும் அளவுக்கு மேல் ஓர் ஆளும் ஏற்றேன் என்று மறுப்பதும், மிதவைச் சட்டை அணியாமல் எவரையும் ஏறவிடேன் என்று நிற்பதும், வானிலை எச்சரிக்கை நாளில் வள்ளத்தைத் தள்ளாதிருப்பதும் அன்றைய வருவாயில் சிறிது குறைக்கும். அக்குறைவு, வீட்டார் ஆயுளெல்லாம் அழுவதோடு ஒப்பிடத்தக்கதன்று.

இவை யாவற்றிலும் வீட்டுப் பெண்மக்களின் பங்கு பெரிது. மணப்பாட்டில் பனையோலையால் பெட்டியும் கூடையும் முடையும் பெண்கள் கூட்டுறவு சங்கமாகச் சேர்ந்து உழைத்து வந்துள்ளனர். ஓலை வருவாய் சிறியதாயினும், கடல் வருவாயைப்போல் காற்றுக்கு அஞ்சுவதன்று. அச்சிறு வருவாயைக் காட்டிக் கணவன் தன் பங்கைச் சுருக்கிக்கொள்வானாயின் அது அநீதி. மீன் விற்ற தொகை இவ்வளவு, பிடித்தது இவ்வளவு என்று மனைவிக்குத் தெரிந்திருக்கும் வீட்டில் வீண்செலவு தானே ஒடுங்கும். தந்தையின் நடத்தையே பிள்ளைகளுக்கு முதற் பாடப்புத்தகம். விளக்கணைத்தபின் சொல்லும் புத்திமதியைவிட விளக்கேற்றும் நேரத்தில் தெளிந்த கண்ணோடு வீடு திரும்புவது நன்கு பதியும்.

சங்கங்கள் உடனே கைக்கொள்ளத்தக்க ஏற்பாடுகள் சில வருமாறு:

1. சேமிப்பைக் கைக்குப் பணம் வருமுன்பே ஏலத்தொகையில் பிடித்தல். எவ்வளவு பிடிப்பது என்பதை அங்கத்தினர் கூடித் தீர்மானித்தல்.

2. சேமிப்புப் புத்தகத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வைத்தல்.

3. வலை, இயந்திரம், நோய், படிப்பு ஆகியவற்றுக்குக் கடனை முதலில் வழங்குதல். செப்டம்பர் 14-ஆம் தேதித் திருச்சிலுவைத் திருவிழா, கலியாணம் முதலிய முன்னறிந்த செலவுகளுக்குக் கடன் கொடாமல், மாதந்தோறும் தனிச் சேமிப்பு நடத்துதல்.

4. மாதக் கூட்டத்தில் கணக்கை உரக்கப் படித்தல். தவணை தவறியவரைப் பழிக்காமல் காரணம் கேட்டு, குடியாயின் வைத்தியத்துக்கும், நோயாயின் உதவிக்கும் வழி செய்தல்.

5. மிதவைச் சட்டையும் முதலுதவிப் பெட்டியும் இல்லாத வள்ளத்துக்குக் கடன் கொடுக்கும்போது அவற்றையும் சேர்த்தே வாங்கச் செய்தல்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டுவதில்லை. கச்சான் பலத்து வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் நாளில், முன்பணத்துக்காக வியாபாரி வீட்டு வாசலுக்கு நடக்காமல் தன் சங்கத்து வாசலுக்கு நடந்து, தான் வைத்த பணத்தைத் தானே எடுத்துவரும் அங்கத்தினன் எத்தனை பேர் என்று ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால், சங்கம் வளர்ந்ததா இல்லையா என்பது விளங்கும்.