புனைவுலகில் ஊகத்தின் இடம் - காஸ்மியர் நூல்களை முன்வைத்து

கதை சொல்வோன் ஒருவன், கேட்போர் பலர். சொல்வோன் நிறுத்தும் இடத்தில் கேட்போர் உள்ளத்தே மற்றொரு கதை தொடங்கிவிடுகிறது. 'இவன் உண்மையில் யார்? அவள் ஏன் அஞ்சினாள்? செத்தவன் செத்தேவிட்டானா?' எனப் பல்வேறு வினாக்கள் எழுகின்றன. ஆசிரியர் விடை கூறும்வரை பொறுத்திராமல், நூலிற் கிடைக்கும் தடயங்களைக் கொண்டு தாமே விடை காண முயல்வது வாசகர் இயல்பு. இதனை ஊகம் என்கிறோம். ஊகம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படுவதே பெரும்பான்மை வழக்கு. எனினும் ஆங்கில மிகைபுனைவுப் புதினங்களின் வாசகரிடையே அது ஒரு கல்வியைப் போலவே வளர்ந்திருக்கிறது. அவ்வளர்ச்சியின் நன்மையும் தீமையும் இலக்கிய மாணவர் அறியத்தக்கன என்பது நம் கருத்து.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் படைத்துவரும் 'காஸ்மியர்' என்னும் புனைவுலகம். நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் 1975ஆம் ஆண்டு பிறந்த இவரது முதற் புதினமாகிய 'எலாண்ட்ரிஸ்' 2005இல் வெளிவந்தது. 2006 முதல் 2008 வரை 'மிஸ்ட்பார்ன்' மூன்று தொகுதிகள், 2009இல் 'வார்பிரேக்கர்', 2010இல் 'தி வே ஆஃப் கிங்ஸ்' என நூல்கள் தொடர்ந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கோளில் நிகழ்வது. வெவ்வேறு மக்கள், வெவ்வேறு மொழி, வெவ்வேறு மாய ஆற்றல். ஒன்றைப் படித்தவர் மற்றொன்றைப் படிக்காமலே இன்புறலாம். ஆயினும் இவையனைத்திற்கும் அடியில் ஒரு பழங்கதை ஓடுகிறது. முன்னொரு காலத்தில் 'அடோனால்சியம்' என்றொரு பேராற்றல் இருந்தது. 16 பேர் கூடி அதனைச் சிதைத்தனர். சிதறிய 16 சில்லுகளையும் ஆளுக்கொன்றாய் ஏற்றுப் பல்வேறு உலகங்களுக்குச் சென்றனர் என்பது அது. (இஃது ஆசிரியர் வகுத்த கற்பனை. அதனைக் கற்பனையாகவே கொள்வோம். சமயக் கோட்பாட்டுடன் பொருத்திப் பார்ப்பது நம் நோக்கமன்று.)

இப்பழங்கதையை எந்நூலும் முதலில் வெளிப்படக் கூறவில்லை. ஹாய்ட் என்ற பெயருடைய ஒருவன் மட்டும் நூல்தோறும் ஓரத்தில் வந்து போகிறான். 'எலாண்ட்ரிஸி'ல் பிச்சைக்காரன், 'மிஸ்ட்பார்னி'ல் செய்தி விற்பவன், 'வார்பிரேக்கரி'ல் கைநிறையத் துகள்களை வைத்துத் தூவிக் கதை நிகழ்த்துபவன், 'தி வே ஆஃப் கிங்ஸி'ல் அரசவை விகடகவி. முதல் நூலை மட்டும் படித்தவருக்கு அவன் பெயருடைய ஒரு பிச்சைக்காரன், அவ்வளவே. நான்கையும் படித்தவருக்கோ தூக்கம் போய்விடுகிறது.

வாசகர் இத்தொடர்பை எங்ஙனம் கண்டனர் என்பதே சுவையான பகுதி. 'தி வே ஆஃப் கிங்ஸ்' நூலின் இரண்டாம் பாகத்தில், இயல்களின் தலைப்பில் ஒரு கடிதம் துண்டுதுண்டாக அச்சிடப்பட்டுள்ளது. எழுதியவர் பெயரில்லை, பெறுபவர் பெயரில்லை, கதைக்கும் அதற்கும் வெளிப்படையான தொடர்புமில்லை. அக்கடிதத்தில் 'ஆடி' என்றொருவன் முன்பு நல்லவனாக இருந்ததாகவும், பின்னர் அவனுக்கு நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே என்றும் ஒரு குறிப்பு வருகிறது. 'மிஸ்ட்பார்ன்' நூல்களைப் படித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தனர். அந்நூல்களில் யாவரும் தேடியலையும் அரிய உலோகத்தின் பெயர் 'ஆடியம்'. அவ்வுலோகம் அழிவாற்றலின் உடல் என்பது மூன்றாம் தொகுதியில் வெளிப்பட்ட உண்மை. எனவே அழிவாற்றலை ஏந்தியவன் பெயரே ஆடி. அவன் பெயரினின்று பிறந்ததே உலோகத்தின் பெயர் எனத் தெளிந்தனர். அதே கடிதத்தில் 'ஏயோனா' என்பவள் மாண்ட செய்தி வருகிறது. 'எலாண்ட்ரிஸ்' நூலில் மந்திர ஆற்றலுடைய எழுத்துருக்களுக்கு 'ஏயோன்' என்று பெயர். இது சொற்பிறப்பாய்வேயன்றி வேறென்ன? பகுதியைப் பிரித்தறியும் பயிற்சி வகுப்பறையில் கசக்கிறது; கதையில் இனிக்கிறது. தொலைவிற் கிடக்கும் சொல்லைக் கொணர்ந்து இணைத்துப் பொருள் காண்பதை நம் உரையாசிரியர்கள் 'மாட்டு' என்றனர். இவ்வாசகரோ ஒரு நூலின் சொல்லை மற்றொரு நூலின் சொல்லோடு மாட்டெறிந்திருக்கின்றனர்.

எண்ணும் ஒரு தடயமாயிற்று. 'மிஸ்ட்பார்ன்' மூன்றாம் தொகுதியில் மூடுபனி தாக்கி மக்கள் நோயுறுகின்றனர். நோயுற்றோர் எவ்வூரிலும் சரியாக நூற்றுக்கு 16 பேர். இயற்கை நோய் இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்க்குமா என்று கதைமாந்தரே ஐயுறுகின்றனர். அந்த 16, அவ்வுலகின் எல்லையைக் கடந்து சில்லுகளின் எண்ணிக்கையோடு பொருந்தியது பின்னரே விளங்கிற்று.

மற்றொன்று நடையைக் கொண்டு ஆளைக் கண்ட திறம். 'வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸ்' (2014) நூலில் சாஹெல் என்றொரு வாட்போர் ஆசான் வருகிறான். அவன் பேச்சில் வண்ணங்களைச் சார்ந்த மரபுத்தொடர்கள் மிகுதி. அவ்வுலகத்தார் எவரும் அங்ஙனம் பேசுவதில்லை. வண்ணங்களே ஆற்றலாக விளங்கும் 'வார்பிரேக்கர்' உலகிலிருந்து வந்த வாஷரே இவன் என்று வாசகர் துணிந்தனர். நூலின் இறுதியில் அதே உலகத்துப் பேசும் வாளும் வந்து தோன்றவே, அத்துணிபு உறுதிப்பட்டது. 2002ஆம் ஆண்டளவில் சாண்டர்சன் எழுதி வெளியிடாது வைத்த முதற்படியிலேயே இவ்வாசான் உண்டு. அவனுடைய முற்கதையாகவே 'வார்பிரேக்கர்' பின்னர் எழுந்தது. வாசகருக்கு முன்னது ஆசிரியருக்குப் பின்னது!

எட்டாண்டு காத்திருந்து பெற்ற விடையும் ஒன்றுண்டு. 2008இல் வந்த தொகுதியில், கதைத்தலைவி வின், ஹாய்ட் என்னும் செய்தி விற்பவனைச் சந்திக்கச் செல்கிறாள். அருகில் சென்றதும் காரணமற்ற ஓர் அச்சம் தோன்ற, திரும்பிவிடுகிறாள். ஆசிரியர் விளக்கம் தரவில்லை. 2016இல் 'சீக்ரெட் ஹிஸ்டரி' என்ற குறும்புதினம் வெளிவந்தது. முதல் தொகுதியிலேயே உயிர்நீத்த தலைவன் கெல்சியர், உடல் துறந்தும் நீங்காமல் கண்ணுக்குப் புலனாகாது நின்று அவளை எச்சரித்தான் என்பது அப்போது வெளியாயிற்று. காரணமற்றது என்று தோன்றிய அச்சத்தைக் குறித்துவைத்து, 'இதற்கொரு காரணம் இருந்தே தீரும்' என்று காத்த வாசகரின் பொறுமை பாராட்டத்தக்கது.

ஆயின் ஊகங்கள் யாவும் பலித்தன என்று கருதற்க. இதற்கு மூத்த சான்று, ராபர்ட் ஜோர்டன் 1990இல் தொடங்கிய 'தி வீல் ஆஃப் டைம்' பெருந்தொடர். அதன் ஐந்தாம் தொகுதி (1993) இறுதியில் அஸ்மோடியன் என்பவன் ஒரு கதவைத் திறக்கிறான், உள்ளே நிற்பவரை அடையாளங்கண்டு திடுக்கிடுகிறான், மடிகிறான். கொன்றவர் பெயர் கூறப்படவில்லை. கூர்ந்து நோக்குவார்க்கு விடை தெளிவே என்று ஜோர்டன் சொல்லிவந்தார். பெயரை மட்டும் சொல்லவில்லை. வாசகர் ஐயத்திற்குரியோர் பட்டியல் வகுத்து ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். 2007 செப்டம்பரில், தொடர் முடியாமலே ஜோர்டன் மறைந்தார். அவர்தம் துணைவியாரும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், எஞ்சிய பகுதியை எழுதி முடிக்கத் தேர்ந்தவர் சாண்டர்சனே. இளமைமுதல் அத்தொடரைப் படித்து வளர்ந்த வாசகர் அவர். வினாவை எழுப்பியவர் வரிசையில் நின்றவரே விடை சொல்லும் இடத்திற்கு வந்தார். 2010இல் வெளியான 'டவர்ஸ் ஆஃப் மிட்நைட்' தொகுதியின் பின்னிணைப்பிலுள்ள சொல்லடைவில், கொன்றவள் கிரெண்டால் என்ற விடை ஒரு வரியில் கிடந்தது. 17 ஆண்டு வாதத்திற்குச் சொல்லடைவில் ஒரு வரி! ஏமாந்தோரும் உளர்; சிரித்தோரும் உளர்.

அதே தொடரில் மாஸ்ரிம் டைம் என்பவன், மாற்றுருக் கொண்ட டெமாண்ட்ரெட் என்னும் பகைவனே எனப் பலர் 1994 முதல் உறுதியாக நம்பினர். ஜோர்டன் மறுத்தார், 2013இல் வந்த இறுதித் தொகுதியில் டெமாண்ட்ரெட் வேறொரு நாட்டுப் படைக்குத் தலைவனாக வந்து நின்றான். வாசகர் கண்டுபிடித்துவிட்டமையால் ஆசிரியர் திட்டத்தை மாற்றிவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டவர் உண்டு. அக்குறைக்குச் சான்றில்லை. எனினும் அதில் அடங்கிய வினா பெரிது. வாசகர் முன்கூட்டி அறிந்துவிட்டால் படைப்பாளி என் செய்வது? ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2014இல் எடின்பரோ நகர இலக்கிய விழாவில் இதற்கு விடையிறுத்தார். தம் கதையின் போக்கைச் சில வாசகர் சரியாகவே கணித்துவிட்டதாகவும், அதற்காகத் தாம் அதனை மாற்றப்போவதில்லை என்றும் கூறினார். மாற்றினால் முன்னர் விதைத்த குறிப்புகள் யாவும் பொய்யாகும் என்பது அவர் காட்டிய காரணம். இதுவே நேர்மையான நிலை என நாம் கொள்கிறோம். எவரும் கணிக்கவியலாத முடிவு சிறந்த முடிவாகிவிடாது. பல வேளைகளில் அது வேரற்ற முடிவாகவே இருக்கும்.

ஆசிரியரை நேரிற் கேட்டுவிடலாமே எனின், அதிலும் சிக்கலுண்டு. நூல்களில் கையொப்பம் பெற வரும் வாசகர் சாண்டர்சனிடம் வினாக்களை அடுக்குகின்றனர். விடைகளைப் பதிவு செய்து தொகுக்கின்றனர். சொல்ல விரும்பாதபோது அவர் 'படித்துத் தெரிந்துகொள்க' என்னும் பொருளுடைய சிறு அட்டையொன்றை நீட்டுகிறார். அவ்விடை ஜோர்டனிடமிருந்து பெற்ற மரபு. வாய்மொழியாகத் தாம் கூறுவன மாறக்கூடும். நூலில் அச்சானதே உறுதி என்பதும் அவர் கூற்று. ஆயினும் வாய்மொழி விடையைக் கொண்டே வாதத்தை முடித்துவிடுவோர் பெருகியுள்ளனர். நூலுக்கு வெளியேயுள்ள சொல்லை நூலினும் மேலாக வைப்பது வாசிப்பின் சோம்பல் என்போம். டோல்கீனின் போக்கு இங்கு நினைக்கத்தக்கது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வரும் டாம் பாம்படில் யார் என்ற வினாவிற்கு, 1954இல் எழுதிய மடலொன்றில், அவன் வேண்டுமென்றே புதிராக விடப்பட்டவன் என்றார். அதன் பின்னும் ஊகங்கள் ஓய்ந்தபாடில்லை.

மற்றொரு தீமை இதனினும் பெரிது. 'தி வே ஆஃப் கிங்ஸ்' நூலில் கலாடின் என்னும் இளைஞன், மருத்துவர் மகனாய்ப் பிறந்து, தம்பியைப் போரில் இழந்து, அடிமையாகிப் பாலம் சுமக்கிறான். தன் தோழர்களைக் காக்க இயலாமையால் நைந்து கிடக்கும் அவனுக்கு அரசவை விகடகவி ஓரிரவில் ஒரு கதை சொல்கிறான். ஒரு தீவில், சிறு பிழை செய்தாரையும் மக்கள் கொன்றுவிடுகின்றனர். கோபுரத்திலிருக்கும் பேரரசன் ஆணை என்கின்றனர். கப்பலில் வந்தோர் கோபுரத்தில் ஏறிப் பார்க்க, பேரரசன் செத்துப் பல்லாண்டு ஆகியிருக்கிறது. அதுவரை செய்த கொலைகளுக்கெல்லாம் தாமே பொறுப்பு என்றுணர்ந்து தீவினர் அலறுகின்றனர். அந்நூலின் உயிர்நிலை இப்பகுதி. ஊகத்தில் மூழ்கிய வாசகரோ 'கதை சொன்னவன் எந்த உலகத்தான்?' என்ற வினாவோடு பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்! கதை கேட்டவன் கண்ணீர் அவர் கணக்கில் வருவதில்லை. தடயம் தேடும் கண் துன்பத்தைக் காண மறுக்குமானால், அவ்வூகம் எத்துணை நுட்பமாயினும் நூலைப் படித்ததாகாது. நூல் தரும் குறிப்பினின்று எழுந்து, மாந்தரின் மனத்தை மேலும் விளக்கி, மீண்டும் நூலுக்கே திரும்பும் ஊகத்தையே நாம் மாணவர்க்குப் பரிந்துரைப்போம். வின்னின் அச்சத்தைப் பற்றிய ஊகம் அத்தகையது.

2024 டிசம்பரில் 'விண்ட் அண்ட் ட்ரூத்' வெளிவந்து, 'தி வே ஆஃப் கிங்ஸ்' தொடங்கிய வரிசையின் முதல் ஐந்து தொகுதிகள் நிறைவுற்றன. ஆயினும் ஹாய்டின் பிறப்பு வரலாறு முழுமையாக வரவில்லை. அதனை 'டிராகன்ஸ்டீல்' என்னும் நூலுக்கென ஆசிரியர் ஒதுக்கி வைத்துள்ளார். அப்பெயரில் அவர் இளமையில் எழுதிய கையெழுத்துப்படி ஒன்று பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அளிக்கப்பட்டு, அந்நூலகத்திலேயே இருந்துவந்தது. பாலம் சுமப்போர் பகுதியை அதிலிருந்து எடுத்தே பின்னர் 'தி வே ஆஃப் கிங்ஸி'ல் அமைத்தார். எனவே அது பழைய வடிவம். இன்றைய கதைக்குச் சான்றாகாது. எனினும் ஹாய்ட் யார் என்று அறியும் ஆவலால் அவ்வாய்வேட்டைத் தேடிச்சென்று படித்த வாசகர் பலர். தூசு படியாத ஆய்வேடு உலகில் அஃதொன்றேனும் உண்டு.