எல்விஎம் வட்டில் லினக்ஸ் துவங்காதபோது

லினக்ஸ் கணினியை இயக்கியதும் வேலை படிப்படியாகக் கைமாறுகிறது. மதர்போர்டில் பதிந்துள்ள யூஇஎஃப்ஐ, வட்டிலிருந்து கிரப் என்னும் பூட்லோடரை எழுப்புகிறது. கிரப் இரண்டு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுகிறது: ஒன்று கர்னல், மற்றொன்று இனிட்ராம்எஃப்எஸ். கர்னல் ரூட் கோப்பு முறைமையை அடைந்த பிறகே சிஸ்டம்டி மற்ற சேவைகளைத் தொடங்கும்.

ரூட் சாதாரண பார்ட்டிஷனில் இருந்தால் அதை அடைவது எளிது. எல்விஎம் முறையில் அப்படியில்லை. லினக்ஸுக்காக இதை 1998இல் ஹைன்ஸ் மாவெல்ஸ்ஹாகன் எழுதினார். பல வட்டுகளை ஒரு வால்யூம் குரூப்பாகச் சேர்த்து, அதிலிருந்து தேவையான அளவில் லாஜிகல் வால்யூம்களைப் பிரித்துக்கொள்ளலாம். பிறகு பெரிதாக்கவும் செய்யலாம். ஆனால் அந்த வால்யூம்களைக் கர்னலால் தானாக உயிர்ப்பிக்க முடியாது; அதற்கு எல்விஎம் நிரல் வேண்டும். அந்த நிரலோ ரூட்டில் இருக்கிறது, ரூட் எல்விஎம்முக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய நிலை இது. எல்விஎம் நிரலையும் வட்டுக்கான டிரைவர்களையும் சுமந்து வரும் இனிட்ராம்எஃப்எஸ்தான் வெளியே இருக்கும் சாவி.

துவக்கம் முறியும்போது திரையில் தெரிவதை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘கர்னல் பேனிக்’ என்ற செய்தியோடு, ரூட்டை ஏற்ற முடியவில்லை, சாதன எண் 0,0 என்று வந்தால், பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸே ஏறவில்லை. கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கும் பூட் பார்ட்டிஷன் நிரம்பியதால் அந்தக் கோப்பு பாதியில் நின்றுபோவது இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். டெபியனில் பிஸிபாக்ஸ் ஷெல்லோ, ஃபெடோராவில் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் கருவியான டிராகட்டின் அவசர ஷெல்லோ வந்தால் இனிட்ராம்எஃப்எஸ் ஏறிவிட்டது, ரூட்டைத்தான் காணவில்லை. இது நல்ல அறிகுறி. தரவு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். இந்தக் கட்டத்தில் லினக்ஸை மீண்டும் நிறுவுவது, இருப்பதையும் அழிக்கும் அவசரம்.

அந்த ஷெல்லில் முதலில் பார்க்க வேண்டியது வட்டு தெரிகிறதா என்பது. தெரியாவிட்டால் வட்டு பழுது, அல்லது அதற்கான டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இல்லை. ஃபெடோராவில் டிராகட் வழக்கமாக, அது ஓடும் கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே சேர்க்கும். வட்டை வேறு கணினிக்கு மாற்றினால் சிக்கல் வருவது இதனால்தான். வட்டு தெரிந்து, வால்யூம் மட்டும் உறங்கினால், எல்விஎம் நிரலின் ‘விஜிசேஞ்ச்’ கட்டளையால் உயிர்ப்பித்து, ஷெல்லை விட்டு வெளியேறினால் பல நேரம் துவக்கம் தொடரும். ஆனால் அது அந்த ஒருமுறைக்கு மட்டுமே.

வால்யூம் உயிரோடிருந்தும் ரூட் கிடைக்கவில்லை என்றால் சந்தேகம் பெயர் மீது விழ வேண்டும். வால்யூம் குரூப்பின் பெயரை மாற்றியவர், கிரப் கர்னலுக்குத் தரும் ரூட் முகவரியில் பழைய பெயரையே விட்டிருக்கலாம். எதை எங்கே ஏற்றுவது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் அதே பழைய பெயர் இருக்கலாம். ரெட் ஹேட் குடும்பத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு: எந்த லாஜிகல் வால்யூமை உயிர்ப்பிக்க வேண்டும் என்று, கிரப் தரும் கர்னல் கட்டளை வரியில் தனியாகக் குறித்திருப்பார்கள். மூன்று இடத்தையும் திருத்தாமல் வேலை முடியாது. பெயரில் சிறுகோடு இருந்தால், எல்விஎம்முக்கு அடியில் இயங்கும் டிவைஸ் மேப்பர் அதை இரட்டைக் கோடாக எழுதும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நிலையான திருத்தத்துக்கு லைவ் யூஎஸ்பியிலிருந்து துவக்கி, வால்யூம்களை உயிர்ப்பித்து, ரூட்டை ஏற்றி, சிரூட் மூலம் உள்ளே நுழைய வேண்டும். அதற்கு முன் பூட் பார்ட்டிஷனையும் அதன் இடத்தில் ஏற்றியாக வேண்டும். பலரும் தவறவிடும் படி இதுவே. ஏற்றாவிட்டால் புதிய இனிட்ராம்எஃப்எஸ் ரூட்டிலுள்ள வெற்று பூட் கோப்புறையில் போய் விழும்; கிரப் பழையதையே எடுக்கும். பிறகு டெபியனில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, ஃபெடோராவில் ‘டிராகட்’ கட்டளையால் கோப்பைப் புதிதாக்கி, கிரப் அமைப்பையும் சரிசெய்யலாம். மறுதுவக்கத்துக்கு முன், உருவான கோப்புக்குள் எல்விஎம் நிரல் இருக்கிறதா என்று ‘எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்’ அல்லது ‘எல்எஸ்இனிட்ஆர்டி’ கட்டளையால் பார்த்துவிடலாம்.