வெளிச்சத்தில் ஏறிவரும் ஆம்பியர்

புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட், போசரி, சாக்கன் பகுதிகளின் ஆலைகளில், உதிரிபாகம் கடையும் சிஎன்சி இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி நிற்கும். அதற்குள் இருக்கும் 'டிரைவ்'தான் மோட்டாரை ஆட்டுவிக்கிறது. மோட்டாரின் முறுக்குவிசை அதில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஆகவே டிரைவ் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆம்பியரை அளக்கிறது.

அளக்கும் முறை எளிது. மோட்டாருக்குப் போகும் மின்பாதையில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓம் மின்தடை கொண்ட 'ஷண்ட்' பட்டையை வைத்தால், 50 ஆம்பியர் ஓடும்போது அதன் முனைகளுக்கிடையே 50 மில்லிவோல்ட் தோன்றும்.

சிக்கல், பட்டை இருக்கும் இடத்தில். டிரைவ் 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தைச் சுமார் 590 வோல்ட் டிசியாக மாற்றி, ஐஜிபிடி என்னும் சுவிட்சுகளால் நறுக்கி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு நறுக்கலிலும் ஷண்ட் முழுவதும் ஒரு மைக்ரோநொடிக்குள் 0விலிருந்து 590க்குத் தாவும், பிறகு இறங்கும். ஊஞ்சலில் தராசு வைத்துப் பொன் நிறுப்பது போன்ற வேலை இது. கணக்குப் போடும் சிப்போ 3.3 வோல்ட்டில் இயங்குவது. ஷண்ட்டை அதனுடன் கம்பியால் இணைத்தால் சிப் கருகும். அந்தச் சிப்போடு இணைந்த பட்டனைத் தொடும் தொழிலாளிக்கும் ஆபத்து.

எனவே அளவு மட்டும் ஒளியாகக் கடக்கிறது. ஷண்ட் பக்கத்துச் சுற்று 50 மில்லிவோல்ட்டை நொடிக்கு ஒரு கோடி 0, 1களாக மாற்றும். மின்னோட்டம் கூடினால் 1கள் அடர்ந்து வரும். அதற்கேற்ப ஓர் எல்இடி மினுக்க, ஒளி ஊடுருவும் மின்காப்புப் படலத்துக்கு அப்பால் ஓர் ஒளியுணரி அதைப் படிக்கும். ஒளியின் பிரகாசத்தையே அளவாகக் கொள்ளலாமே என்றால், எல்இடி வயதாக ஆக மங்கும், அளவும் பிசகும். எரிகிறதா, அணைந்ததா என்பது மங்கினாலும் தெரியும்.

மறுபுறம் இந்த 0, 1களைச் சராசரி எடுக்கிறார்கள். நீண்ட சராசரி துல்லியமானது, ஆனால் தாமதமாகும். ஷார்ட் சர்க்யூட்டை ஐஜிபிடி ஏறத்தாழ 10 மைக்ரோநொடியே தாங்கும். அதனால் கட்டுப்பாட்டுக்கு நீண்ட சராசரி, பாதுகாப்புக்குக் குறுகிய சராசரி என இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

ஷண்ட்டுக்கு ஓர் எல்லை உண்டு. 50 ஆம்பியரில் அது 2.5 வாட் சூடாகும்; 500 ஆம்பியரில் 250 வாட். அத்தகைய பெரிய டிரைவ்களில் கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார்களையே நாடுகிறார்கள்.